கண்மாய்க்குள் நிற்பது எந்த மரம்?

ஹைதராபாத்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு மதுரையில் வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

கண்மாயை மீட்க மனுக் கொடுக்க வேண்டும் என்று எழுதி, நம் ஊர்க் கண்மாய் சுருங்கிவிட்டதா என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சொல்லச் சொன்னாய் அல்லவா? பார்த்துவிட்டேன். நிலத்தைப் படமெடுக்கும் அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசையில் முதல் லேண்ட்சாட் 1972இல் ஏவப்பட்டது. அந்த வரிசையின் படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும். பச்சை இலை திருப்பி அனுப்பிவிடும். அதனால் அகச்சிவப்பைச் சிவப்பு நிறமாகக் காட்டும் எங்கள் படத்தில் தண்ணீர் கறுப்பு, பயிர்பச்சை சிவப்பு.

தொண்ணூறுகளின் ஜனவரிப் படங்களில் கண்மாய் முழுக்கக் கறுப்பு. நல்ல மழை பெய்த அண்மை ஆண்டுகளை எடுத்தாலும் கரையை ஒட்டித்தான் கறுப்பு. தண்ணீர் தேங்க வேண்டிய உள்வாய் எல்லாம் சிவப்பு. ஜனவரியில் நெல்லும் சிவப்பாகத்தான் தெரியும் என்பதால் மே மாதக் கடைசிப் படங்களையும் எடுத்தேன். அறுப்பு முடிந்து வயல்கள் வெளிறிக் கிடக்க, உள்வாய் மட்டும் அதே சிவப்பில் நின்றது. பார்த்ததும் நெஞ்சு கனத்துவிட்டது, செல்வம். பதிவேட்டில் அது இன்னமும் கண்மாய்தான். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் காடு நிற்கிறது.

எந்தக் காடு என்பதுதான் இப்போது கேள்வி. எண்பதுகளில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் பல கண்மாய்களுக்குள் நாட்டுக்கருவேலம் நட்டார்கள். சீமைக்கருவேலம் தானாக வந்து மண்டியது. இரண்டையும் இந்தப் படத்தில் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. மனுவில் எதை அகற்றச் சொல்கிறோம் என்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. நிலத்தின் மேல் என்ன மூடியிருக்கிறது என்று வானத்திலிருந்து தெரிகிறது. அதை யார், எதற்காக வைத்திருக்கிறார்கள் என்பது கரையில் நடக்கிறவனுக்குத்தான் தெரியும்.

ஆக்கிரமிப்பு பற்றியும் கேட்டிருந்தாய். லேண்ட்சாட் படத்தின் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் சுமார் 22 சென்ட். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்தில் இரண்டரை சென்ட். ஒரு கட்டத்தைவிடச் சிறிய மாற்றம் படத்தில் பிடிபடாது. கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் போல ஏறத்தாழ 2,500 ஏக்கரில் நிலம் மாறினால் எந்தப் படத்திலும் பளிச்சென்று தெரியும். கரையோரம் ஒருவர் வேலியை நாலடி தள்ளிப் போட்டால் தெரியவே தெரியாது. அதற்கு நில அளவையர்தான் வர வேண்டும்; என் படத்தைக் காட்டி வாதாடாதே, எதிர்த்தரப்பு எளிதாக உடைத்துவிடும். தண்ணீர்ப் பரப்பு சுருங்கியதற்கு மட்டும் அதைத் தைரியமாக வை. ஒவ்வொரு படத்திலும் தேதி இருக்கிறது, யாரும் திருத்த முடியாது.

எனக்காக ஒன்று செய். உபரி நீர் வழியும் கலுங்கிலிருந்து மேற்கு மடை வரை கரை மேல் நடந்து, உள்வாயில் என்ன மரம் எந்தப் பக்கம் நிற்கிறது, எங்கே கரிமூட்டம் போட வெட்டியிருக்கிறார்கள் என்று பார். ஒவ்வோர் இடத்திலும் கைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் எழுதிக்கொள். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வாயையும் பார்த்துவிடு. அது அடைபட்டிருந்தால் மரத்தை வெட்டியும் பயனில்லை.

நீ அனுப்பியதும் ஆண்டுவாரியாக வரைபடம் போட்டுத் தருகிறேன். பொங்கலுக்கு நான் வரும்போது இருவருமாகப் போய் மனுவைக் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
கதிரேசன்