கோளாறு டிஸ்க்கிலா, கேபிளிலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருக்கும் ஹார்டு டிஸ்க் திடீரென மறைந்து, மறுபடி தொடங்கியதும் திரும்பி வந்தால், பழுதுபார்ப்போர் பலர் டிஸ்க்கையே மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பெற்றோரின் பழைய படங்கள் அதில் இருந்ததால் மனம் ஒப்பாமல், முதலில் அவற்றை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு நானே ஆராய்ந்தேன்.

டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவில், பழுதடைந்த பகுதிகளைக் காட்டும் 5, 197 ஆகிய எண்களின் மதிப்பு பூஜ்ஜியமாகவே இருக்க, தரவுப் பரிமாற்றப் பிழைகளை எண்ணும் 199 மட்டும் நாள்தோறும் ஏறியது. குறை பெரும்பாலும் டிஸ்க்கைக் கணினியுடன் இணைக்கும் சாட்டா கேபிளில்தான் என்பதற்கு அது வலுவான அறிகுறி. புதிய கேபிள் போட்டதும் அந்த ஏற்றம் நின்றது. (பழைய எண்ணிக்கை அழியாது, மேலும் கூடுகிறதா என்பதையே பார்க்க வேண்டும்.) கணினிக்குள் இருக்கும் இந்த இணைப்பிகள் 50 முறை செருகிக் கழற்றும் அளவுக்கே வடிவமைக்கப்பட்டவை என்பதால், அடிக்கடி பிடுங்கிச் செருகுவதும் கேடு. கேபிள் மாற்றியும் தீராவிட்டால் மின் இணைப்பைச் சோதிக்கலாம்.

கடைக்காரர்கள் இந்த எண்களை வாடிக்கையாளருக்குக் காட்டிய பின்னரே புதிய டிஸ்க் வாங்கச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்