பத்தாவது, பதினொண்ணாவது பசங்க படிக்க ஒரு தொடர்கதை போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பெரம்பூர்ல பத்தாவது, பதினொண்ணாவது பசங்களுக்கு கணக்கு டியூஷன் எடுக்கறேன், உங்க பேப்பர் எங்க வீட்டுக்கு ரொம்ப வருஷமா வருது. இந்த லீவு பூரா முதல் பக்கத்துலயே சம்மர் கோச்சிங் விளம்பரமா வந்துட்டு இருக்கு, சின்னச் சின்ன ஃபோட்டோவா பசங்க முகம், கீழ ரேங்க். அதப் பார்த்துட்டுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனா விளம்பரத்த நிறுத்துங்கன்னு கேக்க வரல. ஒரு நாவல் கேக்கத்தான் வந்திருக்கேன்.

என்கிட்ட படிக்கற பொண்ணுங்க கைல ஒரு இங்கிலீஷ் நாவல் சுத்திட்டு இருந்துச்சு. அமெரிக்கால ஒரு காலேஜ் கேம்பஸ்ல லீவுல நடக்கற படிப்பு கேம்ப், ஒவ்வொரு ஊர்லேர்ந்தும் வந்த பதினஞ்சு பதினாறு வயசுப் பசங்க, கடைசில ஜெயிக்கறவங்களுக்கு காலேஜ் ஃபீஸ் முழுக்க ஸ்காலர்ஷிப். ரெண்டு பொண்ணுங்க ஒரே ரூம், ராத்திரி ஒண்ணா உட்கார்ந்து படிக்கறாங்க, காலைல எதிரெதிர் டீம். இவ்ளோதான் கதை. நானும் வாங்கிப் படிச்சேன், கீழ வைக்க முடியல. போட்டி கெட்டதுன்னு எங்கயும் சொல்லல, முதல் மார்க் வாங்கினவளப் பாரு அவள மாதிரி இருன்னும் சொல்லல. கூட இருக்கறவ ஜெயிச்சா வயிறு எரியும், எரிஞ்சுகிட்டே கைகுடுக்கணும், அப்புறம் ராத்திரி அவ பக்கத்துலயே படுக்கணும், அத அப்படியே எழுதியிருக்காங்க.

இதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தோணலாம். நான் டெஸ்ட் பேப்பர் திருப்பிக் குடுக்கும்போது பார்ப்பேன், வாங்கின உடனே மார்க் இருக்கற அந்த மேல் மூலைய மட்டும் உள்பக்கமா மடிச்சுடுவாங்க, மடிச்ச கையோட பக்கத்துல இருக்கறவ பேப்பர எட்டிப் பார்ப்பாங்க. பையனுங்களும் அப்படித்தான். எத்தனையோ தடவ நான் சொல்லியிருக்கேன், உன் மார்க்க நீ பாரு, அடுத்தவங்க மார்க் உனக்கு எதுக்குன்னு, ஒருத்தர் காதுலயும் ஏறல. அந்த நாவல்ல ஒரு பொண்ணு தன் நோட்ஸ ரூம்மேட்டுக்குத் தெரியாம தலகாணி உறைக்குள்ள வச்சிடுவா. அது தப்பா மிஸ்னு ஒருத்தி கேட்டா. அன்னிக்கு முக்கோணவியல் நடக்கல, ஒரு மணி நேரம் இதே சண்டைதான். எப்பவும் வாய தொறக்காத ஒரு பொண்ணு, நானும் ஒளிச்சு வச்சிருக்கேன் மிஸ், இவகிட்டேர்ந்துதான், அப்படின்னு பக்கத்துல இருந்தவளக் காட்டிச் சொன்னா. அந்தப் பக்கத்துல இருந்தவ கொஞ்ச நேரம் கழிச்சு, எனக்குத் தெரியும்டின்னா. நான் பேசியிருந்தா இது நடந்திருக்காது சார், கதை பேசினதால நடந்துச்சு.

ஆனா அன்னிக்கு தமிழ் மீடியம் பசங்க சும்மா கேட்டுட்டு உட்கார்ந்திருந்தாங்க. கார்ப்பரேஷன் ஸ்கூல்ல படிக்கற ஒரு பையன், வியாசர்பாடிலேர்ந்து வர்றான், நல்லா படிக்கறவன், இது தமிழ்ல இருக்கா மிஸ்னு கேட்டான். நானும் தேடினேன். நந்தனம் ஒய்எம்சிஏ கிரவுண்ட்ல புத்தகக் கண்காட்சி நடக்கறப்போ கடை கடையா போய் பதினஞ்சு வயசுப் பையன் படிக்கற மாதிரி, இந்தக் காலத்துக் கதை, ஸ்கூல் பரீட்சை போட்டி இதெல்லாம் வர்ற நாவல் இருக்கான்னு கேட்டேன், ஒண்ணு படம் போட்ட சிங்கம் முயல் கதை எடுத்துக் குடுத்தாங்க, இல்லன்னா நேரா பெரிய பெரிய சரித்திர நாவல். நடுவுல ஒண்ணுமே இல்ல. அம்புலிமாமா 1947-ல நம்ம மெட்ராஸ்லேர்ந்து வந்த பத்திரிகை, அப்புறம் பூந்தளிர், கோகுலம்னு பசங்களுக்காக எவ்வளவோ வந்த ஊரு இது, எல்லாம் ஒண்ணொண்ணா நின்னுபோச்சு. 2022-லேர்ந்து பள்ளிக்கல்வித்துறை ஊஞ்சல், தேன்சிட்டுன்னு கொண்டு வர்றாங்க, ரொம்ப நல்ல விஷயம், ஆனா ஊஞ்சல் நாலு அஞ்சாம் கிளாஸுக்கு, தேன்சிட்டு ஆறுலேர்ந்து ஒன்பது வரைக்கும். பத்தாவது வந்தா கைடுதான். கரெக்டா மனசு அலையற வயசுல கதைய புடுங்கிடறோம்.

கதைக்கு விஷயம் நம்ம ஊர்ல இல்லாம இல்ல. மேத்ஸ் ஒலிம்பியாட் எடுத்துக்கோங்க, ஸ்கூல் பசங்களுக்கான கணக்குப் போட்டி, உலக அளவுல 1959-ல ஆரம்பிச்சது, இந்தியா 1989-லேர்ந்து போகுது, 1996-ல மும்பைலயே நடந்துச்சு. மும்பை மான்குர்ட்ல இருக்கற ஹோமி பாபா அறிவியல் கல்வி சென்டர்தான் இந்தியாவுல இதெல்லாம் நடத்தறாங்க. ஒவ்வொரு ரவுண்டா ஜெயிச்சு வந்த பசங்க கோடைல கேம்ப்ல ஒண்ணா தங்கி, ஒண்ணா சாப்பிட்டு, ஒரே போர்டுல கணக்கு போடறாங்க, ஆனா கடைசில இந்தியா டீம்ல போறது ஆறே பேர். அங்க போனா ரெண்டு நாள் பரீட்சை, ஒரு நாளைக்கு மூணே கணக்கு, அதுக்கு நாலரை மணி நேரம், ஒரு கணக்குக்கு ஏழு மார்க், மொத்தம் 42. நாலரை மணி நேரம் உட்கார்ந்தும் ஒரு கணக்குக்கு சைபர் வாங்கறது அங்க சகஜம், அப்பேர்ப்பட்ட புத்திசாலிப் பசங்களுக்கே. ஸ்கூல்ல எப்பவும் நூத்துக்கு நூறு வாங்கின ஒரு பொண்ணு முதல் தடவையா அந்த சைபர எப்படித் தாங்கறாங்கறது ஒரு அத்தியாயத்துக்கு வரும். ஆறு பேர்ல வராத ஏழாவது ஆள் டிரெயின்ல ஊர் திரும்பறது இன்னொரு அத்தியாயம்.

அவ்வளவு தூரம் போகணும்னும் இல்ல. என்கிட்ட முன்னாடி படிச்ச ஒரு பொண்ணு நீட்டுக்கு ரெசிடென்ஷியல் கோச்சிங் போயிருந்தா, பேர் வேணாம். வாராவாரம் டெஸ்ட், மார்க்க வச்சு பேட்ச் மாத்துவாங்களாம், லிஸ்ட் ஒட்டினதும் பைய தூக்கிட்டு வேற கிளாஸுக்கு நடக்கணும், மேல இருக்கற பேட்ச்லேர்ந்து கீழ போறவங்க எல்லார் முன்னாடியும் நடக்கணும். ஃபோன் வாங்கி வச்சிடுவாங்க. ஞாயித்துக்கிழம ஹாஸ்டல் ஃபோன்லேர்ந்து வீட்டுக்குப் பேசலாம், பின்னாடி க்யூ நிக்கும், அதனால எல்லாரும் ஒரே மாதிரி, நல்லா இருக்கேம்மா சாப்பிட்டேம்மான்னு சொல்லிட்டு வச்சிடுவாங்களாம். இத அவ எங்கிட்ட சொல்றப்போ அவங்க அம்மா பக்கத்துலதான் இருந்தாங்க, அப்பதான் அவங்களுக்கே தெரியும்.

2017-லயே நம்ம அரசு பிளஸ் டூ ரிசல்ட்டுல ஸ்டேட் ஃபர்ஸ்ட், செகண்ட்னு அறிவிக்கறத நிறுத்திட்டாங்க. பசங்க மேல இருக்கற பாரம் கொஞ்சம் குறையட்டும்னு. ஆனா ரேங்க் முகங்கள் விளம்பரத்துல வந்துகிட்டேதான் இருக்கு. விளம்பரம் வந்தாதான் பேப்பர் நடக்கும், எனக்குப் புரியுது. அந்த ஃபோட்டோல இல்லாத பசங்களுக்கு அதே பேப்பர்ல வாரத்துக்கு அரைப் பக்கம் ஒரு இடம் குடுங்கன்னுதான் கேக்கறேன். பச்சையப்பன் காலேஜ்ல எஃப்.ஏ. (அந்தக் காலத்துல பி.ஏ.வுக்கு முன்னாடி இருந்த பரீட்சை) பெயிலான கணித மேதை ராமானுஜம் நடந்த ஊர்ல இதுக்கு இடமில்லன்னா எப்படி.

யார் எழுதினாலும் சில விஷயம் கேட்டுக்கறேன். கடைசி அத்தியாயத்துல ஒரு வாத்தியார் வந்து அட்வைஸ் பண்ண வேணாம், பசங்க அந்தப் பக்கத்த தள்ளிட்டுப் போயிடுவாங்க. ஒரு புள்ளைய சாகடிச்சு பெத்தவங்களுக்குப் பாடம் சொல்ற கதையும் தயவுசெஞ்சு வேணாம், இந்த ஊர்ல அது கதையா இல்லாம நிஜமாவே நடந்த வீடுங்க இருக்கு, தவிர என் பசங்களுக்கு வேண்டியது மறுநாள் காலைல எந்திரிச்சு மெஸ்ஸுக்குப் போய் இட்லி சாப்பிடற கேரக்டர். பாஷை அவங்க பேசற பாஷையா இருக்கட்டும், மச்சின்னு வந்தா வரட்டும். காதல் வந்தாலும் பயப்படாதீங்க, பதினாறு வயசுல அது வராத மாதிரி எழுதினா மத்ததையும் நம்ப மாட்டாங்க. கணக்கு வர்ற இடத்துல நிஜமான கணக்கு போடுங்க, விடைய அடுத்த வாரம் சொல்லுங்க, அதுக்காகவே பேப்பர் வாங்குவாங்க.

ஜூன்ல ஸ்கூல் தொறக்கறப்போ ஆரம்பிச்சு அரையாண்டு பரீட்சைக்கு முன்னாடி முடிச்சுடலாம். எழுத ஆள் கிடைக்கலன்னா ஒரு நாவல் போட்டி வைங்க, ஆனா நடுவர்ல பாதிப் பேராவது பத்தாவது, பதினொண்ணாவது படிக்கறவங்களா இருக்கணும். முதல் அத்தியாயம் கைக்கு வந்ததும் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எங்க டியூஷனுக்கு ஒரு காப்பி அனுப்புங்க, எந்த இடத்துல கத வுடறாங்கன்னு பசங்க பென்சில்ல கோடு போட்டு அடுத்த நாளே திருப்பி அனுப்பிடுவாங்க.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டியூஷன் டீச்சர்,
பெரம்பூர், சென்னை.