முதல் ட்ராக் கார்: போன காரிலயே வீட்ட வந்து சேரோணும்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

வணக்கம். போன கிழமை உங்கட பேப்பரில நிலாவெளி றோட்டில இராத்திரியில பொடியன்மார் கார் ஓட்டுற ஓட்டத்தைப் பற்றி ஒரு அம்மா எழுதியிருந்தா, வீட்டு வாசலில நிக்கவே பயமா இருக்கெண்டு. அவ சொன்னதில ஒரு எழுத்தும் பிழையில்ல. நானும் உப்புவெளி ஆள்தான், அந்தச் சத்தம் எங்கட வீட்டுக்கும் கேக்கும். ஆனா பொலிஸ் பிடிக்கோணும் எண்டதோட அவ கடிதத்தை முடிச்சிட்டா. எனக்கு அதுக்குப் பிறகு சொல்ல ஒரு விசயம் இருக்கு, பந்தயப் பாதையில, அதான் ட்ராக்கில, ஓட முதல் கார் வாங்கிறதைப் பற்றி.

வேகத்தில ஆசை வந்த பொடியனுக்கு அந்த ஆசையைத் தீக்க றோட்டு இல்லாத வேற இடம் இந்த நாட்டில இருக்கு. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையில இருக்கிறது ரெண்டாம் உலக யுத்தத்தில பிரித்தானிய கடற்படை விமானங்கள் இறங்கின ஓடுபாதை, எங்கட சீனன்குடா மாதிரி அந்தக் காலத்து இடம்தான், இப்ப அங்க கார் பந்தயம் நடக்குது. பன்னலையிலயும் ட்ராக் இருக்கு. றோட்டில எண்டா எங்களுக்கு ஊருக்குள்ள 50, வெளியில 70, அதுக்கு மேல போனா எதிர வாற சைக்கிள்காரனுக்குத்தான் ஆபத்து. ட்ராக்கில எதிர ஆரும் வரமாட்டினம்.

இப்ப விசயத்துக்கு வாறன். என்ட தங்கச்சியின்ட மகனுக்கு 23 வயசு. போன மாசம் வந்து, மாமா நான் ட்ராக் டேக்கு (சொந்தக் காரை ட்ராக்கில ஓடிப் பாக்கிற நாளுக்கு) போகப் போறன், கார் ஒண்டு பாத்திருக்கிறன் எண்டு போனைக் காட்டினான். பாத்தா டேர்போ போட்ட கார், என்ஜின் மாத்தினது, பின்னுக்கு பெரிய ஸ்பொய்லர், பெயின்ட் கண்ணாடி மாதிரி மினுங்குது, காசு எங்க எண்டு கேட்டா லீசிங் போடலாமாம். அவனோட அண்டைக்கு ரெண்டு மணித்தியாலம் கதைச்சன். அவனுக்குச் சொன்னதைத்தான் இதுக்குள்ள எழுதிறன், ஏனெண்டா இவனை மாதிரி எத்தினையோ பொடியன்மார் திருகோணமலையில இருக்கினம், இதைச் சொல்லிக் குடுக்க அவையளுக்கு ஆளில்ல.

முதல் சொன்னது லீசிங் காரை ட்ராக்குக்கு கொண்டு போகாத எண்டுதான். சீஆர் எண்ட வாகனப் பதிவுப் புத்தகத்தில முழு உரிமையாளர் (absolute owner) எண்டு கிடக்கிறது லீசிங் கம்பனியின்ட பேர், உன்ட பேர் இல்ல. ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கெண்டு சொல்லுவாய், அந்தப் பத்திரத்தை எடுத்து வடிவா வாசிச்சுப் பார், பந்தயம், வேகப் பரீட்சை இதுகளில நடந்த சேதத்துக்கு பொறுப்பில்ல எண்டு வழமையா ஒரு வரி இருக்கும். கார் ட்ராக்கில போய் அடிபட்டா காரும் இல்ல, இன்சூரன்ஸ் காசும் இல்ல, மாசா மாசம் கட்டுற காசு மட்டும் மிஞ்சும், அதைக் கட்டப் போறது ஆர், தங்கச்சிதான். முதல் ட்ராக் காரை கைக்காசுக்கு வாங்கோணும், அதுவும் நாளைக்கு அது நொறுங்கினா வீட்டில சோத்துக்கு குறை வராத காசா இருக்கோணும். இதுக்கு ஒத்துவராத கார் எவ்வளவு வடிவா இருந்தாலும் அது உனக்குரிய கார் இல்ல.

எங்கட நாட்டில இது லேசில்ல எண்டு எனக்குத் தெரியும். 2020 மார்ச்சில இறக்குமதியை நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் தனியார் வாகனத்துக்கு திரும்பத் திறந்தது, அந்த அஞ்சு வருசத்தில 30 வருசப் பழைய கார் கூட தங்கம் மாதிரி விலை ஏறிட்டுது. ஹொண்டா சிவிக் எண்டா பேருக்கே ஒரு காசு குடுக்கோணும். அதால பேர் இல்லாத காரைத்தான் பாக்கோணும்.

வெளிநாட்டில முதல் ட்ராக் கார் எண்டா 1989ல வந்த மஸ்டா எம்எக்ஸ்-5ஐத்தான் கனபேர் சொல்லுவினம், பாரம் குறைவு, பின் சில்லு இழுக்கும், உண்மையிலயே நல்ல கார்தான். இஞ்ச அதைத் தேடிப் பிடிச்சாலும் பார்ட்ஸுக்கு எங்க போறது? எங்களுக்கு நிசான் மார்ச் கே11 இருக்கு. 1992ல வந்த கார், பாரம் 800 கிலோவுக்கு கிட்ட, டைமிங் பெல்ட் இல்லாம செயின், எந்த பாஸும் (மெக்கானிக்கும்) கழட்டிப் பூட்டுவார். டொயோட்டா ஸ்டார்லட் இருக்கு. ஃபோர்ட் லேசர், மஸ்டா 323 இருக்கு, அது ரெண்டும் உள்ளுக்குள்ள ஒரே கார்தான், ஒண்டின்ட சாமான் மற்றதுக்குப் பூட்டலாம். இதுகளுக்கு பந்தயத்திலயே தனிப் பிரிவு இருக்கு, மார்ச்சுக்கு ஒண்டு, லேசர் 323க்கு 1300 சீசீயில ஒண்டு. அதால ட்ராக்குக்கு ஏத்த மாதிரி இதுகளை செய்யத் தெரிஞ்ச பாஸ்மார் இருக்கினம், கழட்டின சாமான் கைமாறும், நாளைக்கு விக்கவும் ஆள் இருக்கும். முன் சில்லு இழுக்கிற கார், வளைவில கூட வேகமா விட்டா மூக்கு வெளிய தள்ளும், அக்சிலேட்டரில இருந்து காலை மெல்ல எடுத்தா திரும்ப உள்ள வரும். பழகிற ஆளுக்கு அது நல்லம்.

பாரத்தைப் பற்றி அவனுக்கு விளங்க கொஞ்ச நேரம் எடுத்தது. 80ல போற கார் 120ல போனா வேகம் ஒண்டரை மடங்குதான் கூடினது, ஆனா பிறேக் தின்ன வேண்டிய சக்தி ரெண்டேகால் மடங்கு. 800 கிலோ காருக்குப் பதிலா 1300 கிலோ கார் எண்டா அதுக்கு மேல இன்னும் அரைவாசிக்கு மேல கூடும். பாரம் குறைஞ்ச காருக்கு ரயரும் பிறேக் பாட்டும் கனகாலம் வரும், பெற்றோல் குறையும். அந்த மிச்சம் பிடிச்ச காசுக்கு இன்னொரு நாள் ட்ராக்குக்கு போகலாம், பழக்கம் அப்பிடித்தான் வரும். ஹைபிரிட் காரோட போகப் போறம் எண்டு கேட்ட ரெண்டு பேரை எனக்குத் தெரியும், தயவுசெய்து வேண்டாம், பற்றறியின்ட பாரமும் சூடும் ஒரு பக்கம், சில ஹைபிரிட்டில இருக்கிற, பெல்ட்டில ஓடுற கியர்பெட்டி சூடேறிறது மற்றப் பக்கம். மனுவல் கியர் கார் எடுங்கோ.

கறளைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதோணும், ஏனெண்டா நாங்கள் இருக்கிறது கடலுக்குப் பக்கத்தில. கிண்ணியா, மூதூர், குச்சவெளி எங்க பாத்தாலும் உப்புக் காத்து. எங்கட ஊரில ஓடின கார் மேல புதுசு மாதிரி இருக்கும், கீழ தகரம் அப்பளம் மாதிரி இருக்கும். டிங்கர் வேலை செய்து புட்டி அப்பி பெயின்ட் அடிச்சா கண்ணுக்குத் தெரியாது. அதுக்கு ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில சுத்தி கதவுக்குக் கீழ, சில்லு வளைவில வச்சுப் பாருங்கோ, பிடிக்காத இடத்தில இருக்கிறது தகரமில்ல. பொனட்டைத் திறந்து ரெண்டு பக்கமும் ஷொக் அப்சோபர் மேல வந்து பூட்டுற கிண்ணம் மாதிரி இடத்தை டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, அதில வெடிப்போ ஒட்டுப் போட்டதோ இருந்தா அந்தக் காரை விட்டுட்டு வாங்கோ, வளைவில முழுப் பாரமும் தாங்கிறது அந்த இடம்தான். ஜக் வைக்கிற இடம், பிறேக் பைப் போற வழி, கார்ப்பெட்டுக்குக் கீழ தரை, எல்லாத்தையும் பாக்கோணும். கார்ப்பெட்டைத் தூக்க விடமாட்டன் எண்டு சொல்ற ஆளிட்ட கார் வாங்கக் கூடாது. என்ஜின் கொஞ்சம் புகை அடிச்சா கூட செய்து எடுக்கலாம், கறள் தின்ன கார்க் கூட்டை செய்து எடுக்க ஏலாது. ஏலுமெண்டா அநுராதபுரம், குருநாகல் பக்கம் ஓடின காராத் தேடுங்கோ.

இப்ப பிறேக்கைப் பற்றி, இது என்னில நடந்தது. கனவருசத்துக்கு முதல் நான் ஒரு லேசரோட கட்டுக்குருந்தைக்கு ஒரு பயிற்சி நாளுக்குப் போனன். போறதுக்கு முதல் ஒரு கராஜில குடுத்து பிறேக் எண்ணெய் முழுக்க மாத்தச் சொல்லி காசும் குடுத்தன். நாலாவது ரவுண்டில நேர்ப் பாதை முடியிற இடத்தில பிறேக்கை மிதிச்சா பெடல் பஞ்சு மாதிரி அடிவரை போகுது, கார் நிக்கேல்ல. ரெண்டு மூண்டு தரம் பம்ப் பண்ணி கியரை இறக்கி புல்லுக்குள்ள விட்டு நிப்பாட்டினன். அந்த நேரம் மனசில வந்தது அப்ப ஆறு மாசமா இருந்த என்ட மகள்தான். பிறகு கழட்டிப் பாத்தா உள்ள இருந்தது தேத்தண்ணி நிறத்தில பழைய எண்ணெய், மேல டப்பாவில மட்டும் புதுசு விட்டிருக்கு.

பிறேக் எண்ணெய் காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டொட் (DOT) எண்டு டப்பாவில போட்டிருக்கிறது எண்ணெயின்ட தரம், டொட் 3 எண்ணெய் புதுசில குறைஞ்சது 205 பாகையிலதான் கொதிக்கும், ஈரம் பிடிச்சா அது 140க்கு இறங்கிடும். டொட் 4 எண்டா 230, ஈரம் பிடிச்சா 155. கொதிச்சா பைப்புக்குள்ள ஆவி, ஆவியை அமத்த ஏலும், எண்ணெயை அமத்த ஏலாது, அதாலதான் பெடல் கீழ போறது. எங்கட ஊர் ஈரத்துக்கு கேக்கவே தேவையில்ல. அதால புது டொட் 4 விட்டு நாலு சில்லிலயும் பழசு முழுக்கப் போகுமட்டும் பிளீட் பண்ணோணும், பக்கத்தில நிண்டு கண்ணால பாக்கோணும். ஓடி முடிஞ்சு வந்தா கடைசி ரவுண்டை பிறேக் பிடிக்காம மெதுவா ஓடி ஆற விட்டு வாங்கோ, நிப்பாட்டி ஹேண்ட் பிறேக் இழுக்காதேங்கோ, கியரில போட்டு சில்லுக்கு கட்டை வையுங்கோ.

காசைப் பிரிக்கிறது எப்பிடி எண்டு மருமகன் கேட்டான். கையில பத்து இருந்தா ஆறுக்கு காரை வாங்கு, நாலை வச்சிரு எண்டன். அந்த நாலில பவர் கூட்டிற சாமான் ஒண்டும் இல்ல. பிறேக் பாட், எண்ணெய், நாலு நல்ல ரயர், ஹெல்மெட், மிச்சம் பெற்றோல். ரயரின்ட பக்கத்தில நாலு இலக்கம் இருக்கும், 2323 எண்டா 2023ம் ஆண்டு 23வது கிழமை செய்தது, கடையில புதுசு எண்டு விக்கிறதிலயும் பழசு இருக்கும், பாத்து வாங்கோணும். சாதாரண றோட்டு ரயர் காணும், அது வழுக்கிறதுக்கு முதலே கத்திச் சொல்லும். ஹெல்மெட்டைப் பொறுத்தவரை மோட்டர்பைக் ஹெல்மெட்டுக்கும் காருக்கெண்டு செய்த ஹெல்மெட்டுக்கும் வித்தியாசம் இருக்கு, காருக்குரியதில உள் துணி நெருப்புத் தாங்கும். நைலோன் ரீசேர்ட் போடாம பருத்தி உடுப்பு போடுங்கோ, நைலோன் சூட்டில உருகி தோலில ஒட்டும். ரேடியேட்டரைத் திறந்து கறள் தண்ணி இருக்கா பாருங்கோ, சூடு ஏறுது எண்டு கராஜில தெர்மோஸ்டட்டை (என்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்திற வால்வை) கழட்டி எறிஞ்சிருப்பினம், புதுசு வாங்கிப் போடுங்கோ.

இன்னொண்டு. கொழும்பிலயோ பாணந்துறையிலயோ இருக்கிற பொடியனுக்கு கார் பழுதானா கட்டி இழுத்துக்கொண்டு போகலாம். எங்களுக்கு கட்டுக்குருந்தை ட்ராக் ஏறக்குறைய 300 கிலோமீற்றர் தள்ளி இருக்கு. காரை ஏத்திப் போக லொறி பிடிச்சா அந்தக் காசுக்கு இன்னும் ரெண்டு தரம் போய் வரலாம். அதால எங்கட முதல் கார் ஹபரணைக் காட்டுக்குள்ள யானை நிக்கிற நேரம் நிண்டு போகாத காரா இருக்கோணும், காலமை ட்ராக்கில ஓடி பின்னேரம் அதே காரில வீட்ட வந்து சேரோணும், ரெவனியூ லைசன்ஸும் இன்சூரன்ஸும் உள்ள, றோட்டில ஓட அனுமதி இருக்கிற காரா இருக்கோணும்.

சின்னக் கார் எண்டு மருமகனுக்கு முகம் சுண்டிப் போச்சு. இந்தப் பொடியன்மாருக்கு இப்ப ஆசை கூடினது அஜித்தாலதான் எண்டு நினைக்கிறன், 2025 ஜனவரியில துபாய் 24 மணித்தியாலப் போட்டியில அவரின்ட அணி தங்கட பிரிவில மூண்டாமிடம் வந்தது. அவரும் 2003லயே ஃபோர்முலா பிஎம்டபிள்யூ ஆசியா ஓடினவர், நேத்து ஏறி இண்டைக்கு ஜெயிக்கேல்ல. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005ல ஃபோர்முலா 1க்குப் போன முதல் இந்தியர், அவர் இந்தியாவில பந்தயம் தொடங்கினது ஃபோர்முலா மாருதியில, அதில இருந்தது மாருதி 800இன்ட என்ஜின். அந்த என்ஜின் எங்கட ஊர் றோட்டிலயும் இன்னும் ஓடுது. இதைச் சொன்ன பிறகுதான் அவன் போனில அந்த டேர்போ காரை மூடி வச்சவன்.

2024 ஏப்ரல் 21ல தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில கார் பாதை விலகிப் போய் 7 பேர் செத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஒழுங்கு பண்ணின இடத்திலயே அப்பிடி எண்டா நிலாவெளி றோட்டில என்ன நடக்கும் எண்டு நினைக்க நெஞ்சு பதறுது. ஐயா, கட்டுக்குருந்தை, பன்னலை பயிற்சி நாட்களின்ட திகதியை, பதிவு செய்யிற விதத்தை உங்கட விளையாட்டுப் பக்கத்தில தமிழில போட்டா பெரிய உதவியா இருக்கும். எங்கட பொடியன்மாருக்கு அது காதில விழுறதே நடந்து முடிஞ்ச பிறகுதான்.

போன ஞாயிறு கிண்ணியாவில ஒரு மார்ச் பாத்தம், இடது பக்க ஷொக் கிண்ணத்தில புட்டி, விட்டுட்டு வந்திட்டம். வாற ஞாயிறு தம்பலகாமத்தில இன்னொண்டு, ஒரே ஆள் வச்சு ஓடினதாம். டோர்ச்சையும் காந்தத்தையும் மருமகன் இப்பவே பையில எடுத்து வச்சிட்டான்.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகர் ஒருவர்,
திருகோணமலை.