37 ஐ 64 ஆக்கச் சொன்ன உங்கட சப்போர்ட் பற்றி ஒரு முறைப்பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளருக்கு,

வணக்கம். நான் போன வருஷம் உங்கட கொம்பனியிட்ட 48,500 ரூபா குடுத்து ரெக்கோடிங் சொஃப்ட்வெயார் வாங்கினனான். "தமிழிலயே சப்போர்ட்" எண்டு போட்டிருந்ததைப் பாத்திட்டு வருஷத்துக்கு 9,500 ரூபா சப்போர்ட் பிளானும் சேத்து எடுத்தனான். சொஃப்ட்வெயார்ல எனக்குக் கோவம் இல்ல, அது நல்ல சாமான்தான். கோவம் எல்லாம் புரோகிராம் தன்ர தெரிவுகளை எழுதி வைக்கிற செட்டிங்ஸ் பைலிலயும், அதைப்பற்றி ஒரு வரி எழுதித் தராம போனில நம்பர் மட்டும் சொல்லுற உங்கட ஆக்களிலயும்தான். இது நீட்டுக் கடிதம், தயவுசெய்து கடைசி மட்டும் வாசியுங்கோ, ஏன் எண்டா போனில நான் பாதி சொல்ல முதலே உங்கட ஆள் "விளங்குது அண்ணை, விளங்குது" எண்டு லைனை மற்ற ஆளுக்கு மாத்திப்போடுறார்.

எங்கட ஃபிளட்டில மூண்டாம் மாடியில ஒரு ஆச்சி இருந்தவ, வடமராட்சிப் பக்கம், 80 வயசு தாண்டிட்டுது. அவவுக்கு அருவி வெட்டுப் பாட்டும் (நெல்லு அறுக்கேக்க பாடுறது) தாலாட்டும் ஊஞ்சல் பாட்டும் எண்டு ஒரு கட்டு மனப்பாடம், ஒண்டும் எழுத்தில இல்ல. மகன் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறார் எண்டு கேள்விப்பட்டதும், போக முதல் எல்லாத்தையும் பிடிச்சு வைப்பம் எண்டு மைக்கையும் அதை லப்டொப்போட இணைக்கிற ஓடியோ பொக்ஸையும் தூக்கிக்கொண்டு மேல போனனான். வெள்ளவத்தையில ரெக்கோட் பண்ணுறது எண்டா என்னண்டு உங்களுக்குத் தெரியும்தானே, கடற்கரைப் பக்கம் ரயில், இங்கால காலி வீதி ஹோர்ன், ஃபேனைப் போட்டா மைக்கில ஊளை. ஃபேனை நிப்பாட்டி, ஜன்னலைச் சாத்தி, ஒரு ரயிலுக்கும் மற்ற ரயிலுக்கும் இடையில கிடைக்கிற நேரத்திலதான் பாட்டு.

முதல் நாளே பிரச்சினை. ஹெட்ஃபோனைப் போட்டிட்டு ரெண்டு அடி பாடின ஆச்சி நிப்பாட்டிட்டா. "தம்பி, எனக்குப் பின்னால ஆரோ பாடினம்" எண்டா. அவவிண்ட குரல்தான் பிந்திப்போய்க் கேக்குது. பஃபர் (சத்தத்தை ஒரு கட்டாச் சேத்து வைச்சு அனுப்புற அளவு, கூடினா பிந்தும்) 1024, சாம்பிள் ரேட் (செக்கனுக்கு எத்தனை தரம் சத்தத்தை அளக்குது எண்ட கணக்கு) 48000, அப்பிடி எண்டா உள்ள போக 21 மில்லிசெக்கன், வெளிய வர இன்னொரு 21, பொக்ஸை ஓட்டுற டிரைவர் புரோகிராம் தின்னுறது அதுக்கும் மேல. எனக்கெண்டா சமாளிக்கலாம், வாழ்க்கையில ஹெட்ஃபோன் போடாத மனிசிக்கு அது பேய் மாதிரி. மெனுவில 128 எண்டு மாத்தினா, மூடித் திறக்கத் திருப்பி 1024 க்குப் போயிடும். அதுக்குத்தான் உங்களுக்கு போன் எடுத்தனான்.

உங்கட தம்பி சொன்னவர் மெனுவில நிக்காது, செட்டிங்ஸ் பைலைத் திறந்து கையால மாத்துங்கோ எண்டு. சரி எண்டு ஒளிச்சுக் கிடந்த ஃபோல்டரைக் கண்டுபிடிச்சு நோட்பேட்டில திறந்து 128 எண்டு போட்டு சேவ் பண்ணினன். புரோகிராமை மூடித் திறந்தா திருப்பி 1024. நாலு தரம் செய்தன், நாலு தரமும் இதே கூத்து. பிறகு நானா இருந்து பாத்துத்தான் விளங்கினது, புரோகிராம் அந்த பைலைத் திறக்கேக்க ஒருக்காத்தான் வாசிக்குது, பிறகு எல்லாம் மெமரியில, மூடேக்க மெமரியில இருக்கிறதை அப்பிடியே பைலுக்கு மேல எழுதுது. அப்ப புரோகிராம் திறந்து கிடக்கேக்க நான் பைல்ல எதை எழுதினாலும் மூடின உடன அழிஞ்சு போகும். முதல்ல புரோகிராமை மூடு, பிறகு பைலைத் தொடு. இந்த ஒரு வசனம் சொல்ல எவ்வளவு நேரம் போகும்?

அதுக்குப் பிறகு மூடிப்போட்டு மாத்தினன், இப்ப புரோகிராம் முதல் பகுதியையே வாசிக்கேல்ல. என்ர லப்டொப் பழசு, விண்டோஸ் 7, அது என்ர பிழை எண்டே வைச்சுக்கொள்ளுவம் (உங்கட பெட்டியில விண்டோஸ் 7 இல வேலை செய்யும் எண்டு அச்சடிச்சிருக்கு, அதையும் சொல்லி வைக்கிறன்). பழைய நோட்பேட், தமிழ் எழுத்தும் நிக்கிற யூடிஎஃப்-8 எண்ட முறையில சேவ் பண்ணேக்க, பைலிண்ட தலையில கண்ணுக்குத் தெரியாத மூண்டு பைட்டைச் செருகிவிடும், உங்கட புரோகிராம் அதைக் கண்டு முழிக்குது. திருப்பி போன் எடுத்தன். "ஆன்சி எண்டு தெரிவு செய்து சேவ் பண்ணுங்கோ அண்ணை" எண்டார், அது தமிழ் எழுத்துத் தெரியாத பழைய முறை. நோட்பேட்டே மறிச்சுச் சொல்லுது, இதில யூனிகோட் எழுத்து இருக்கு, இப்பிடி சேவ் பண்ணினா அழிஞ்சுபோகும் எண்டு. அதையும் வாசிச்சுக் காட்டினன். "பரவாயில்ல, ஓகே குடுங்கோ" எண்டார்.

பரவாயில்லையாம். நான் ரெக்கோடிங் வைக்கிற ஃபோல்டருக்கு "ஆச்சி பாட்டு" எண்டு தமிழிலதான் பேர் வைச்சிருந்தனான். ஓகே குடுத்திட்டுத் திருப்பித் திறந்து பாத்தா அந்த இடத்தில "????? ??????" எண்டு நிக்குது. ஆச்சி எண்டா மூண்டு எழுத்து, ஆனா கேள்விக்குறி அஞ்சு, ஏன் எண்டா கொம்பியூட்டருக்குப் புள்ளியும் விசிறியும் (சி இண்ட தலையில வாற வளைவு) தனித்தனிக் கணக்கு. ஆன்சி வந்து ஆச்சியை அழிச்ச கதைதான், எழுதேக்க எனக்கே சிரிப்பு வருது, அண்டைக்குச் சிரிப்பு வரேல்ல.

இனி அந்த 37 க்கு வாறன், முக்கியமான முறைப்பாடு இதுதான்.

மூண்டாம் கோல்ல உங்கட தம்பி சொன்னவர், பஃபர் நிக்கோணும் எண்டா "ரெக்ஒப்ட்ஸ்" எண்டு ஒரு வரி இருக்கு, அதை 64 ஆக்குங்கோ எண்டு. அங்க 37 எண்டு கிடந்தது. நான் கேட்டனான், 37 எண்டா என்ன, 64 எண்டா என்ன எண்டு. "அது உள்ளுக்க பாவிக்கிற நம்பர் அண்ணை, நீங்க 64 ஐப் போடுங்கோ." போட்டன். பஃபர் 128 இல நிண்டிட்டுது, சந்தோசம். அடுத்த நாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல போனன். ஆச்சி அண்டைக்கு நல்ல பதத்தில இருந்தவ, குளிச்சு வெள்ளைச் சீலை கட்டி, தொண்டைக்கு இஞ்சித் தேத்தண்ணி குடிச்சிட்டு இருந்தவ. 40 நிமிஷம் பாடினவ, நடுவில ஒரு ரயில் மட்டும்தான் போனது. அருவி வெட்டுப் பாட்டில ஒரு இடத்தில மூச்சு வாங்கி, நெல்லுக் கட்டைத் தூக்கிற மாதிரிக் கையை மேல எடுத்தவ, அந்தக் கையில காப்பு முட்டின சத்தம்கூட மைக்கில விழுந்தது, நான் ஹெட்ஃபோனில கேட்டனான். நல்ல ஒரு டேக். ஸ்டொப் பண்ணி, லப்டொப்பை மூட முதல் புரோகிராமை மூடினன். வழமையா "சேவ் பண்ணவா" எண்டு கேக்கும், அண்டைக்குக் கேக்கேல்ல. நான் தானா சேவ் பண்ணிட்டுதாக்கும் எண்டு நினைச்சிட்டன்.

வீட்ட வந்து திறந்தா ஒண்டும் இல்ல. ஃபோல்டர் வெறுமை. பெக்கப் இல்ல. 2022 ல 13 மணித்தியாலம் கரண்ட் கட் பண்ணின காலத்திலயே நான் ஒரு டேக் துலைச்சதில்ல. உங்கட லைனுக்கு எடுத்தா "கரண்ட் போயிருக்கும் அண்ணை" எண்டினம். லப்டொப்புக்கு பற்றரி எண்டு ஒரு சாமான் இருக்கு ஐயா.

போசன் போயா லீவண்டு முழுநாளும் இருந்து நானே தோண்டினன். பைலை ஒரு கொப்பி எடுத்து வைக்கிறது, மெனுவில ஒரு சரியை மட்டும் மாத்துறது, புரோகிராமை மூடுறது, புது பைலையும் பழசையும் பக்கத்தில வைச்சு எந்த நம்பர் மாறியிருக்கு எண்டு பாக்கிறது. பின்னேரம் ஆறு மணிபோல விசயம் வெளிச்சது. 37 எண்டது ஒரு நம்பரே இல்ல. அது ஒரு சுவிட்ச் போர்ட். 1, 2, 4, 8, 16, 32, 64 எண்டு ஒவ்வொரு சுவிட்ச்சுக்கும் இரட்டிச்சுக்கொண்டு போற ஒவ்வொரு எண், போட்டு வைச்ச சுவிட்ச் எல்லாத்தையும் கூட்டினா வாறதுதான் பைல்ல நிக்குது. 37 எண்டா 32 உம் 4 உம் 1 உம். என்ர பைல்ல 1 எண்டா மூடேக்க சேவ் பண்ணவா எண்டு கேள். 4 எண்டா ரெக்கோட் பண்ணுறதை என்ர ஃபோல்டர்ல போடு, இல்லாட்டித் தற்காலிக ஃபோல்டர்ல போட்டு மூடேக்கத் துடைச்சுவிடு. 32 எண்டா 15 நிமிஷத்துக்கு ஒருக்கா பெக்கப் எடு. 64 எண்டா நான் குடுத்த பஃபரை விடாமப் பிடி. அப்ப எனக்கு வேணுமா இருந்தது 37 உம் 64 உம், 101. உங்கட ஆள் கூட்டச் சொல்லேல்ல, மாத்தச் சொன்னவர். ஒரு லைட்டைப் போடச் சொல்லி வீட்டில மற்ற எல்லா லைட்டையும் நூத்துப்போட்டார். அதுக்கு மேல ஃபோல்டர் பேரும் கேள்விக்குறியாக் கிடந்தது, விண்டோஸில ஃபோல்டர் பேருக்குக் கேள்விக்குறி வைக்கவே ஏலாது, அதால 4 போட்டுக் கிடந்திருந்தாலும் அந்த டேக் வீடு வந்து சேந்திராது.

இன்னொண்டு, இதை எழுத எனக்கே வெக்கமா இருக்கு. கொட்டாஞ்சேனையில ஒரு சேர்ச்சில சவுண்ட் பாக்கிற பெடியன் ஒருத்தன் என்ர கதையைக் கேட்டிட்டு ஓடியோ பொக்ஸிண்ட முன்பக்கத்தைக் காட்டினான். "டிரெக்ட் மொனிட்டர்" எண்டு ஒரு குட்டி சுவிட்ச். அதைப் போட்டா மைக் சத்தம் கொம்பியூட்டரைச் சுத்தி வராம நேர ஹெட்ஃபோனுக்கும் வரும், பிந்தாது, பஃபர் 1024 ஆக் கிடந்தாலும் ஒண்டும் இல்ல. எனக்குத் தெரியாது, நான் பாட்டுப் பிடிக்கிற ஆள். உங்கட ஆளுக்குத் தெரிஞ்சிருக்கோணும், முதல் கோல்லயே "உங்கட பொக்ஸில அந்த சுவிட்ச் இருக்கோ" எண்டு கேட்டிருந்தா அந்த பைல் இருக்கிறதே எனக்குத் தெரிய வந்திராது.

ஆச்சி இப்ப கனடாவில. வட்ஸ்அப்பில ஒருக்காப் பாடி அனுப்பினவ, அங்க குளிராம், குரல் இறுகிப்போச்சு, சுருக்கின சத்தத்தில காப்பு முட்டுறதும் இல்ல.

நான் கேக்கிறது இவ்வளவும்தான். சப்போர்ட் பிளானுக்குக் கட்டின 9,500 ரூபாவைத் திருப்பித் தாங்கோ, லைசன்ஸ் காசு கேக்கேல்ல. அந்த பைல்ல உள்ள ஒவ்வொரு வரிக்கும் என்ன அர்த்தம், கூட்டு நம்பர் எண்டா எந்த எண் எந்த சுவிட்ச் எண்டு ஒரு தாள் போடுங்கோ, தமிழில ஏலாட்டி இங்கிலீசிலயாவது. போனில இருக்கிற பிள்ளைகளுக்கு, பைலைத் தொடச் சொல்ல முதல் "கொப்பி எடுத்தீங்களோ" எண்டு கேக்கப் பழக்குங்கோ. அந்தத் தம்பியை வேலையால நிப்பாட்ட வேண்டாம், அவருக்கும் ஒருத்தரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டினம்.

பதிலை எழுத்தில அனுப்புங்கோ. போன் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கட வாடிக்கையாளர்

பி.கு: நான் போயா அண்டைக்கு எழுதி எடுத்த சுவிட்ச் கணக்கு ஒரு பக்கம் இதோட இணைச்சிருக்கிறன். 8 உம் 16 உம் என்ன எண்டு என்னால பிடிக்க முடியேல்ல, அதை மட்டும் நீங்க நிரப்புங்கோ.