பேரரசுக்கு மூன்று முகம்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. ஐசக் அசிமோவின் அறிவியல் புனைகதைகளை வைத்து எடுத்த ‘ஃபவுண்டேஷன்’ தொடரின் முதல் சீசனின் பத்து எபிசோடையும் பார்த்து முடித்த கையோடு, “இது அசிமோவ் இல்லை, பேரை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு கதை சொல்கிறார்கள்” என்று நாலு பக்கம் பொரிந்து தள்ளியிருக்கிறாய். நீ மட்டுமில்லை. 2021 செப்டம்பர் 24 அன்று ஆப்பிள் டிவி பிளஸில் முதல் இரண்டு எபிசோடு வந்ததிலிருந்தே புத்தகம் படித்தவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். படிக்காதவர்களோ விண்பாலம் அறுந்து பேரரசின் தலைநகர்க் கிரகமான டிராண்டர்மேல் விழும் காட்சியில் சொக்கிப்போய், பிறகு எல்லைக் கிரகமான டெர்மினஸில் நடக்கும் எபிசோடுகளில் அலுத்துப்போனார்கள். இரண்டு தரப்புக்கும் நியாயம் உண்டு. ஆனால் உன் கோபத்தில் இரண்டு விஷயம் கலந்துகிடக்கிறது. பேர்களை மாற்றிவிட்டார்கள் என்பது ஒன்று, கதையின் விதியை மாற்றிவிட்டார்கள் என்பது இன்னொன்று. முதலாவதை நான் பொறுத்துக்கொள்வேன். இரண்டாவதில் உன் பக்கம்தான்.

எடுத்த காரியம் எவ்வளவு கடினம் என்று முதலில் பார். 1942 மே மாதம் ‘அஸ்டவுண்டிங்’ பத்திரிகையில் தொடங்கிய கதைகள் இவை. விண்மீன் பேரரசு விழப்போகிறது என்று ஹாரி செல்டன் சைக்கோஹிஸ்டரி என்ற கணிதத்தால் கணிக்கிறார், பின்னால் வரும் இருண்ட காலத்தைக் குறைக்க டெர்மினஸில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற குடியேற்றத்தை நிறுவுகிறார். 1951இல் புத்தகமானபோது ‘சைக்கோஹிஸ்டோரியன்ஸ்’ பகுதியைப் புதிதாக எழுதி முன்னால் சேர்த்தார் அசிமோவ். அந்த முதல் தொகுதியில் ஐந்து பகுதி, ஏறக்குறைய நூற்றைம்பது வருடம். செல்டனிடம் வந்துசேரும் இளம் கணிதர் கால் டோர்னிக் முதல் பகுதியோடு போய்விடுகிறான். டெர்மினஸ் மேயர் சால்வர் ஹார்டின் இரண்டு பகுதியில் வருகிறார், நடுவே முப்பது வருட இடைவெளி. அதற்குப் பிறகு வியாபாரிகள். படிக்கும்போது இது குறையாகவே தெரியாது, ஏனென்றால் கதாநாயகன் வரலாறுதான். திரையில் அப்படிச் செய்தால் ஒவ்வொரு சீசனிலும் நடிகர்கள் எல்லாரும் புதியவர்கள். பார்ப்பவர் யாரைப் பிடித்துக்கொண்டு வருவார்?

முகம் மாறாமல் காலத்தைத் தாண்ட எழுத்தாளர் குழு நான்கு வழி கண்டுபிடித்தது. தொடரில் பெண்களாகிவிட்ட கால், சால்வர் இருவருக்கும் உறைதூக்கம். ஹாரி செல்டனுக்கு டிஜிட்டல் பிரதி. பேரரசரின் ஆலோசகர் டெமர்செல் ரோபோ, அதனால் அவளுக்கு வயதே கிடையாது. பேரரசருக்கு க்ளோன்: முதலாம் கிளியோனின் பிரதிகளாக விடியல், பகல், அந்தி என்று மூன்று வயதில் மூன்று சகோதரர்கள் ஒரே சமயத்தில் ஆள்கிறார்கள். அந்தி கிழவனாகி மறையும்போது மற்றவர்கள் ஒரு படி ஏற, புதுக் குழந்தை வருகிறது.

உறைதூக்கம்தான் இந்த நான்கில் மோசமானது. தூங்கி எழுந்தவருக்கு அந்தக் காலத்தில் வேர் கிடையாது. அதனால் கால் தனியாகக் கப்பலில் இருக்கும் எபிசோடுகள் கதையை அப்படியே நிறுத்திவைக்கின்றன. பலர் தொடரைப் பாதியில் விட்டதும் அங்கேதான். மாறாக க்ளோன் வம்சம் மூலக்கதையில் இல்லவே இல்லை, ஆனாலும் தொடரில் அசிமோவுக்கு மிக நெருக்கமாக இருப்பது அதுதான் என்பேன். பன்னிரண்டாயிரம் வருடப் பேரரசு ஏன் அழுகுகிறது? தன்னையே திரும்பத் திரும்ப நகல் எடுக்கிறது, புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. புத்தகத்தில் பல பக்க உரையாடலாக வருவதை பகலாக நடிக்கும் லீ பேஸின் ஒரே முகம் காட்டிவிடுகிறது.

வேட்டைக் காட்சி உனக்கு ஞாபகம் இருக்கும். இளைய கிளியோனுக்கு நிறக்குருடு. மற்றவர் கண்ணுக்குத் தப்பும் மறைநிறப் பிராணிகள் அவனுக்குப் பளிச்சென்று தெரிகின்றன. அதனால் அதிகம் வீழ்த்துகிறான், ஆனால் வீழ்த்திய எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்கிறான். அண்ணன்களைவிடத் திறமை கூடினாலும் அந்த அரண்மனையில் அது குற்றம், வேறுபாடு என்றாலே மரணம். ஒரு வம்சம் ஏன் தேங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டுமா? எட்டாவது எபிசோடில் பேரரசர் பகல் ‘சுழல்பாதை’ என்ற புனித யாத்திரையில் நடப்பதும் அதே தரம். வெறுங்காலோடு தீய்ந்துபோய் நடந்து, தரிசனம் கிடைத்ததாக ஊருக்குப் பொய் சொல்கிறார். உள்ளே ஒன்றுமே தெரியவில்லை என்பதை டெமர்செல் புரிந்துகொள்ளும் கணம் வருகிறதே, அதில் அவளாக நடிக்கும் லாரா பிர்ன் முகத்தை மட்டும் இன்னொரு தடவை பார்.

இனி நீ சொன்ன உண்மையான தவறு, கதையின் விதியை மாற்றியது. சைக்கோஹிஸ்டரிக்கு அசிமோவ் வைத்த நிபந்தனை இரண்டு. மக்கள்தொகை மிகப் பெரியதாக இருக்கவேண்டும், கணக்கிடப்படுவது அந்த மக்களுக்குத் தெரியக்கூடாது. வாயுவில் ஒரு மூலக்கூறு எங்கே போகும் என்று சொல்லமுடியாது, மொத்த வாயுவின் அழுத்தத்தைச் சொல்லலாம் என்பது இதற்கு அவர் எடுத்துக்கொண்ட ஒப்புமை. அப்படியானால் தனிமனிதனின் பிறவிச் சக்தியால் ஃபவுண்டேஷனுக்கு வரும் நெருக்கடி தீரவே கூடாது. தொடரில் சால்வருக்கு நாணயம் எந்தப் பக்கம் விழும் என்று முன்கூட்டியே தெரிகிறது, டெர்மினஸில் நிற்கும் மர்மப் பெட்டகம் அவளை மட்டும் நெருங்கவிடுகிறது. கால் எதிர்காலத்தை உணர்கிறாள். பார்ப்பவருக்கு ‘தேர்ந்தெடுக்கப்பட்டவள்’ கதை பழக்கமானது, உடனே ஒட்டிக்கொள்ளும். ஆனால் அது வந்த மறுநிமிடமே கணிதம் அலங்காரமாகிவிடுகிறது.

புத்தகத்தின் முதல் நெருக்கடியோடு வைத்துப் பார்த்தால் இன்னும் உறைக்கும். பக்கத்து ராஜ்யமான அனாக்ரியான் டெர்மினஸை விழுங்கப் பார்க்கிறது. ஹார்டினிடம் படையில்லை. அவர் மற்ற மூன்று ராஜ்யங்களுக்கும் போய், அணுசக்தி அனாக்ரியான் ஒருவன் கையில் மட்டும் சிக்கினால் உங்கள் கதி என்ன என்று கேட்கிறார். அவர்களே அனாக்ரியானுக்குக் கெடு வைக்கிறார்கள். அவ்வளவுதான். பெட்டகம் திறந்து, முன்பே பதிவுசெய்த உருவமாகத் தோன்றும் ஹாரிகூட வழியைச் சொல்வதில்லை. நிலைமையே ஒரு வழிதான் விட்டிருக்கிறது, அது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது என்று விட்டுவிடுகிறார். தொடரிலோ பெட்டகத்திலிருந்து ஹாரியே வெளியே வந்து பகை நாடுகளுக்குப் பழைய கதையைச் சொல்லி ஒன்றுசேர்த்துவைக்கிறார். திட்டம் தானாக ஓடாமல் மேற்பார்வையாளர் வந்து தள்ளவேண்டியதாகிவிட்டது. பேரை எப்படி வேண்டுமானாலும் மாற்றட்டும், இதைத் தொட்டிருக்கக்கூடாது.

புத்தகத்தின் டோர்வின் பிரபு பகுதி தொடரில் இல்லாதது உன்னைப் போலவே எனக்கும் வருத்தம். பேரரசின் தூதர் ஐந்து நாள் டெர்மினஸில் தங்கி இனிக்க இனிக்கப் பேசுகிறார். ஹார்டின் அந்தப் பேச்சு முழுவதையும் குறியீட்டுத் தர்க்கத்தில் போட்டு அலசச் சொல்கிறார். பொருளில்லாததை, மழுப்பலை, தேவையற்ற அடைமொழியை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் மிச்சம் ஒன்றுமே இல்லை. ஐந்து நாளில் அந்த மனிதர் ஒரு வார்த்தைகூட உறுதி தரவில்லை, கேட்டவர்கள் அதைக் கவனிக்கவும் இல்லை. அறைக்குள் நடக்கும் பேச்சுதான் அங்கே சண்டைக்காட்சி. இதைப் படமாக்க முடியாது என்று நினைத்துவிட்டார்கள் போல. 1973இல் பிபிசி வானொலி மூன்று தொகுதியையும் எட்டு ஒரு மணி நேர நாடகங்களாகத் தந்தது. கேட்டால் உனக்குப் பிடிக்கும். பேச்சையே நம்பி எழுதிய கதைக்கு வானொலி இயல்பான வீடு.

நீ அடுக்கிய மற்றக் குறைகளில் சிலவற்றை நான் ஏற்கமாட்டேன். கால், சால்வர், டெமர்செல் மூவரையும் பெண்ணாக்கியதில் என்ன நஷ்டம்? முதல் தொகுதியில் பேசும் பெண் பாத்திரத்தையே தேடிப் பிடிக்கவேண்டும். பிந்தைய கதையின் நாயகி பேட்டா 1945இல்தான் வருகிறாள். ஹாரியை வளர்ப்பு மகன் ரேச் குத்திக் கொல்வது அதிர்ச்சிதான், ஆனால் திட்டத்துக்கு அவர் உடல் தேவையில்லை என்ற மூலக்கருத்தை அது கெடுக்கவில்லை. ரோபோ மனிதரைக் கொல்லலாமா என்று கேட்டாயே, அது நல்ல கேள்வி. ரோபோ மனிதருக்குத் தீங்கு செய்யக்கூடாது என்ற முதல் விதியை 1942இலேயே எழுதிவைத்தவரின் உலகம் அல்லவா? பதில் இருக்கிறது, இரண்டாம் சீசன் ஒன்பதாவது எபிசோடில். 2021இல் எழுந்த கேள்விக்கு 2023 செப்டம்பரில் பதில். கோபித்துக்கொண்டு போனவர்கள் அதற்குள் திரும்பியே வரவில்லை. வாரம் ஒன்று, சீசனுக்கு நடுவில் ஏறக்குறைய இரண்டு வருடம் என்ற வெளியீட்டு முறைக்கு இவ்வளவு நீளமான புதிர் ஒத்துவராது. இனிப் பார்ப்பவர்கள் சேர்த்துப் பார்ப்பதால் அந்தச் சிக்கல் பாதி குறையும்.

எபிசோடு எண்ணிக்கையும் இதில் சேர்த்தி. சீன அறிவியல் புனைகதை எழுத்தாளர் லியூ சிக்சின் எழுதிய ‘திரீ பாடி’ முதல் புத்தகத்துக்கு சீனாவின் டென்சென்ட் நிறுவனம் 2023இல் முப்பது எபிசோடு செலவழித்தது. நெட்ஃபிளிக்ஸ் 2024இல் எட்டே எபிசோடில் அதையும் அடுத்த இரண்டு புத்தகத்தின் துண்டுகளையும் அடைத்தது. முதலாவதை இழுவை என்றார்கள், இரண்டாவதை அவசரம் என்றார்கள். நடுவில் எங்கோ சரியான அளவு இருக்கிறது, இன்னும் யாரும் தொடவில்லை.

இரண்டாம் சீசனை இப்படிப் பார். முதலில் ‘ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர்’ புத்தகத்தின் முன்பாதியை, பெல் ரியோஸ் பேரரசின் தளபதியாக வரும் பகுதியை மறுபடி படி. தளபதி போரில் ஜெயித்துக்கொண்டே போகிறான், ஆனாலும் தோற்கிறான். பேரரசர் பலவீனமானவர் என்றால் பலசாலித் தளபதி அரியணைப் பக்கம் திரும்பிவிடுவான். பேரரசர் பலசாலி என்றால் ஜெயிக்கும் தளபதியைச் சந்தேகப்பட்டுத் திருப்பி அழைத்துவிடுவார். இருவரில் யார் எப்படி இருந்தாலும் ஃபவுண்டேஷனுக்கு ஆபத்தில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு முதல் எபிசோடைத் தொடங்கு. ஒரே நாளில் இரண்டுக்குமேல் வேண்டாம், பேர்கள் குழம்பும். காலும் சால்வரும் வரும் இழை தளர்ந்தால் பொறுத்துக்கொள், பேரரசு இழையையும் ரியோஸ் இழையையும் விடாதே. பென் டேனியல்ஸ் அந்த வேடத்தைக் கண்ணாலேயே தாங்குகிறார். கடைசி எபிசோடில் ரியோஸும் பகலும் நேருக்கு நேர் வருவார்கள். முடிவைச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, இது புத்தகத்தின் தர்க்கப்படி நடக்கிறதா, இரண்டு மனிதர்களின் குணத்தால் நடக்கிறதா என்று நீயே முடிவு செய். எனக்குக் குணம்தான் என்று படுகிறது, உனக்கு வேறாகத் தோன்றினால் காரணத்தோடு எழுது.

மூன்றாம் சீசன் 2025 ஜூலையில் தொடங்கிச் செப்டம்பரில் முடிந்தது. மற்றவர் மனதை மாற்றும் சக்தி கொண்ட மியூல் வருகிறான். புத்தகத்தில் அவன் யார் என்பது உனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில் கடைசி எபிசோடை அசட்டையாகப் பார்க்காதே, யாரிடமும் முன்கூட்டிக் கேட்கவும் கேட்காதே. அதைப் பற்றி நீ பார்த்து முடித்தபிறகு பேசுவோம்.

அன்புடன்,
ராஜி