படித்ததையே மறுபடி படிக்க வைக்காதீர்கள்: இரண்டு துறைச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கும், தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும் வணக்கம்.

இருவருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால், பாலிடெக்னிக் சங்கதி உயர்கல்விக்கு, ஐடிஐ சங்கதி தொழிலாளர் துறைக்கு என்று பிரிந்துபோகும். எங்கள் பிள்ளைகள் மாட்டிக்கொண்டு நிற்பது இரண்டுக்கும் நடுவில். அந்த இடத்துக்கு எந்த அலுவலகமும் பொறுப்பில்லை.

தென் மாவட்டம் ஒன்றில், கலை அறிவியல் கல்லூரியோடு சேர்ந்து நடக்கும், தொழில் கற்றுத்தரும் சமுதாயக் கல்லூரியில் குளிர்சாதனப் பிரிவுப் பயிற்றுநராக இருக்கிறேன். ஃபிரிட்ஜ், ஏ.சி. பழுது பார்க்கவும் பொருத்தவும் சொல்லித் தருவது என் வேலை. இந்த ஆண்டுச் சேர்க்கையில் என் மாணவன் ஒருவனுக்கு நேர்ந்ததைச் சொல்லத்தான் இந்த மடல். அவனுக்கு முன்பும் பலருக்கு இதுவே நேர்ந்திருக்கிறது. உங்கள் அலுவலகங்களுக்கும் இது புதிய செய்தியாக இருக்காது.

பிளஸ் டூவில் அவன் வணிகவியல் பிரிவு. எங்களிடம் ஓராண்டு டிப்ளமோ முடித்தான். பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த முறைப்படி அது 60 கிரெடிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) படிப்பு. அதில் 36 கிரெடிட் தொழிற்பயிற்சி, மீதி 24 பொதுப்பாடம். முடித்த பிறகு ஒரு மெக்கானிக்கோடு சேர்ந்து சீசன் முழுவதும் வீடு வீடாக ஏ.சி. சர்வீஸ் பார்த்தான். பெரிய கட்டடங்களில் குளிர்சாதன வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் சைட் சூப்பர்வைசராக வைக்க வேண்டுமென்றால் மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமோ கேட்கிறார்கள். சரி, மெக்கானிக்கல் படித்துவிடலாம் என்று முடிவு செய்து, நேரடி இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கப் போனான்.

அங்கே அலுவலகத்தில் இருந்தவர் தகுதிப் பட்டியலைப் பார்த்தார். அறிவியல் பிரிவிலோ தொழிற்பிரிவிலோ பிளஸ் டூ முடித்தவர் வரலாம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஈராண்டு ஐடிஐ முடித்தவர் வரலாம். சமுதாயக் கல்லூரி டிப்ளமோவுக்கு அதில் இடமில்லை. "தம்பி, இந்தச் சர்டிபிகேட் எங்க லிஸ்ட்லயே இல்லப்பா. பத்தாவது மார்க் ஷீட் இருந்தா ஃபர்ஸ்ட் இயர்ல போட்டுக்கலாம்" என்றாராம். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. பட்டியலில் இல்லாததை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்?

இப்போது அந்தப் பையன் முதலாம் ஆண்டில், பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு நேராக வந்த பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறான். பணிமனை வகுப்பில் இரும்புத் தகட்டை வைஸில் இறுக்கி அரம் போடுகிறான். ட்ரை ஸ்கொயரை வைத்து மூலை சரியா என்று பார்க்கிறான். அடுத்த வாரம் 'வி' வெட்டு. அந்தப் பயிற்சியை நான் குறைத்துப் பேசவில்லை. கை பழக வேண்டிய பிள்ளைக்கு அது வேண்டும். ஆனால் இவன் கை ஏற்கெனவே பழகிய கை.

எங்கள் கூடத்தில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். காப்பர் பைப்பை வெட்டியதும் அதன் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துத்தான் உள்விளிம்புப் பிசிறை எடுப்பான். மேல்நோக்கிப் பிடித்தால் செம்புத் தூள் பைப்புக்குள் விழும், கடைசியில் அது கம்ப்ரஸருக்குப் போய்ச் சேரும். நட்டை முதலில் பைப்பில் கோத்துவிட்டு அப்புறம்தான் ஃப்ளேரிங் செய்வான், அதாவது பைப்பின் வாயை விரிப்பான். வேக்கம் பம்ப் போட்டுப் பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, வெற்றிடத்தைக் காட்டும் மீட்டர் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கியதும் பம்ப்பை நிறுத்திவிட்டு, முள் ஏறுகிறதா என்று பொறுமையாகப் பார்ப்பான். ஏறினால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது உள்ளே ஈரம் இருக்கிறது. இப்போது வீட்டு ஏ.சி.களில் பரவலாக வரும் ஆர்-32 வாயு தீப்பிடிக்கக் கூடியது என்பதால், பிரேசிங் டார்ச்சைப் பற்றவைக்கும் முன் லைனில் வாயு மிச்சமிருக்கிறதா என்று பார்க்கவும் அவனுக்குத் தெரியும். இதெல்லாம் தெரிந்த ஒருவனை மூன்றாண்டுப் படிப்பின் முதல் நாளுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

அவனுக்குக் கணிதம் போதாது என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். வணிகவியல் படித்தவன் வெப்ப இயக்கவியலுக்குள் நேரடியாகப் போனால் திணறுவான். பொறியியல் வரைபடமும் அவனுக்குப் புதிது. கணிதம், இயற்பியல், வரைபடம் மூன்றுக்கும் கோடை விடுமுறையில் ஓர் இணைப்புப் பயிற்சி வைத்து, தேர்வு எழுதச் சொல்லுங்கள். தேறினால் இரண்டாம் ஆண்டு, தேறாவிட்டால் முதலாம் ஆண்டு. அவனுக்கு எது தெரியும், எது தெரியாது என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் எங்களுக்கு ஒரு மனக்குறையும் இருந்திருக்காது. யாரும் பார்க்கவே இல்லை என்பதுதான் எங்கள் மனக்குறை.

ஓராண்டுதானே என்று தோன்றலாம். சீசனில் அவன் கொண்டுவந்த கூலியில்தான் வீட்டில் கடனும் தங்கையின் படிப்பும் ஓடின. அவனுக்கு மூன்றாண்டு கல்லூரி என்றால் அந்த வீட்டுக்கு மூன்றாண்டு வருமானம் குறைவு. இரண்டாண்டு என்றால் தாக்குப் பிடிப்பார்கள். மூன்று என்றால், பையன் பாதியில் நின்றுவிடுவானோ என்ற பயம் எனக்கே இருக்கிறது. அப்படி நின்றவர்களைப் பார்த்தவன் நான்.

எனவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. சமுதாயக் கல்லூரி, ஐடிஐ, பாலிடெக்னிக், மேல்நிலைப் பள்ளித் தொழிற்பிரிவு ஆகிய நான்கையும் ஒரே அட்டவணையில் வைத்து, எதைப் படித்தவருக்கு எதில் எந்தப் பாடத்திலிருந்து விலக்கு, எந்த இணைப்புப் பயிற்சி, எந்த ஆண்டில் சேர்க்கை என்று ஓர் அரசாணை வெளியிடுங்கள். இரண்டு துறைகளும் சேர்ந்து கையெழுத்திட்ட அரசாணையாக அது இருக்க வேண்டும்.

ஒரே குளிர்சாதனத் தொழிலை எத்தனை இடத்தில் கற்றுக்கொடுக்கிறோம் என்று பாருங்கள். ஐடிஐயில் ஈராண்டு, பிள்ளைகள் அந்தப் பிரிவை இன்னும் எம்.ஆர்.ஏ.சி. (மெக்கானிக் ரெஃப்ரிஜரேஷன் அண்ட் ஏர் கண்டிஷனிங்) என்றே சொல்வார்கள். எங்களிடம் ஓராண்டு. குறுகிய காலத் திறன் பயிற்சித் திட்டங்களில் சில மாதம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கலுக்குள் ஒரு பகுதி. நான்கு இடத்திலும் அதே கம்ப்ரஸர், அதே கேஸ், அதே கேஜ். எங்கள் டிப்ளமோவோடு ஐடிஐக்குப் போனாலும் முதல் நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஐடிஐ முடித்த பிள்ளை எங்களிடம் வந்தாலும் அதே கதைதான்; எங்கள் பக்கமும் நியாயம் நடக்கவில்லை. தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. எந்தச் சான்றிதழ் எந்தப் படிநிலை என்று அப்போதே வகுத்தார்கள். படிநிலை எண் எங்கள் சான்றிதழில் அச்சாகி வருகிறது. சேர்க்கை அலுவலகத்தில் அந்த எண்ணைப் படிக்கத்தான் ஆளில்லை.

சமுதாயக் கல்லூரி என்ற யோசனையே அமெரிக்காவிலிருந்து வந்தது. 1901இல் ஜோலியட் நகரில் தொடங்கிய கல்லூரி, பல்கலைக்கழகப் படிப்பின் முதல் ஈராண்டை உள்ளூரிலேயே கொடுப்பதற்காகத்தான் பிறந்தது. மேலே போகும் வழி முதல் நாளிலேயே இருந்தது. ஃபுளோரிடா மாநிலத்தில் கல்லூரிப் பாடங்களுக்கு மாநிலம் முழுவதும் பொதுவான எண் உண்டு. ஒரு கல்லூரியில் தேறிய பாடத்துக்கு இன்னொரு கல்லூரியில் அதே எண் இருந்தால், அங்கே அதை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். இங்கே 1995இல் புதுவைப் பல்கலைக்கழகமும் 1996இல் சென்னை சமுதாயக் கல்லூரியும் வழி காட்டின. படிப்பை இடையில் விட்டவர்களையும் ஏழைப் பெண்களையும் தேடிப்போய்ச் சேர்த்த அந்த முன்னோடிகளின் உழைப்பு பெரிது. அவர்கள் போட்ட அடித்தளத்தின் மேல் மாடிப்படி கட்டும் பொறுப்பு அரசுடையது. இத்தனை ஆண்டு ஆகியும் அந்தப் படி இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசு ஐடிஐகளில் 71ஐ டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தினீர்கள். மனதாரப் பாராட்டுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்து ஐடிஐக்கும் நல்ல கருவிகள் வந்திருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் பழுதான பழைய ஸ்பிளிட் ஏ.சி.யைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிப் பழகுகிறார்கள். ஐடிஐ வகுப்பு முடிந்த பிறகு மாலையில் அந்தக் கூடத்தை எங்களுக்குக் கொடுங்கள், பொறுப்புக்கு நான் கூடவே நிற்கிறேன், உடைந்தால் கல்லூரி ஈடு செய்யும் என்று கேட்டோம். அங்குள்ள முதல்வருக்கும் மனமிருந்தது. வேறு துறை மாணவர்களை அனுமதிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. மாலை நேரத்தில் அந்தக் கூடம் பூட்டிக் கிடக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய கருவியை மக்கள் பிள்ளைகள் தொட, எந்தத் துறைப் பிள்ளைகள் என்று கேட்பது என்ன நியாயம் ஐயா?

திட்டங்களுக்குக் குறைவில்லை. அதுதான் மனதை அதிகம் வருத்துகிறது. 2009இல் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) சமுதாயக் கல்லூரித் திட்டம் என்றார்கள். சில ஆண்டுகளில் நின்றது, நடுவில் இருந்த மாணவர்கள் சான்றிதழுக்கு அலைந்தார்கள். அப்புறம் மானியக் குழுவின் திட்டம் வந்தது. நிதி வரும் ஆண்டில் படிப்பு நடக்கும், வராத ஆண்டில் பயிற்றுநர் சம்பளத்துக்கே தட்டுப்பாடு. தொகுப்பூதியத்தில் இருக்கும் நல்ல பயிற்றுநர், கம்பெனி கூப்பிட்டால் போய்விடுகிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித் தொடக்க விழா, தனி இணையதளம், தனிச் சான்றிதழ். ஒரே பையனின் பெயரைப் பல திட்டங்களின் கணக்கில் பயிற்சி பெற்றவர் என்று எழுதிக்கொள்கிறோம். அவன் கையில் சான்றிதழ்கள் சேர்கின்றன, அடுத்த படிப்புக்குப் போக ஒன்றும் உதவவில்லை. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நிறையச் செய்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதுவும் இந்த நான்கு கதவுகளுக்கு நடுவே ஒரு பாதை போடவில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். கேட்க வந்தது அந்த அட்டவணையும் அரசாணையும்தான்.

இது முடியாத காரியமும் அல்ல. அரசு வேலைக்கு எந்தப் பட்டம் எதற்கு நிகர் என்று உயர்கல்வித் துறை காலங்காலமாக அரசாணை வெளியிட்டுவருகிறது. ஐடிஐ முடித்தவர்கள் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பள்ளிப் படிப்புக்கு நிகரான சான்றிதழ் பெறலாம் என்று வழி செய்ததும் இதே அரசுதான். அதனால் பயனடைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அதே மனதோடு இன்னும் ஓரடி எடுத்து வைக்கத்தான் கேட்கிறோம்.

கிரெடிட் என்றதும், கிரெடிட் மாற்றத்தைப் பேசும் ஒன்றிய அரசின் தேசியக் கல்விக் கொள்கை பற்றிய வாதம் குறுக்கே வரும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் கொள்கை மீது எனக்கும் விமர்சனம் உண்டு. ஆனால் தமிழ்நாட்டுச் சமுதாயக் கல்லூரியில் படித்த பாடத்தைத் தமிழ்நாட்டுப் பாலிடெக்னிக் ஒப்புக்கொள்வதற்கு டெல்லியின் கொள்கை எதற்கு? கிண்டியில் இருக்கும் இரண்டு அலுவலகங்கள், தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையும், ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். பள்ளிக் கல்வித் துறையையும் பல்கலைக்கழகங்களையும் அங்கே கூப்பிடுங்கள். பாடம் நடத்தும் எங்களில் சிலரையும் கூப்பிடுங்கள்.

அதோடு, மாவட்டந்தோறும் இந்த நான்கு வகை நிறுவனங்களின் தலைவர்களும் சேர்க்கைக்கு முன் ஒருமுறையாவது கூடிப் பேச ஏற்பாடு செய்யுங்கள். எந்தப் பிரிவை யார் நடத்துவது, எந்தக் கூடத்தை யார் எப்போது பயன்படுத்துவது, எந்தத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு யார் பிள்ளைகளை அனுப்புவது என்று அவர்களே முடிவு செய்வார்கள். கூடிப் பேச அவர்களுக்கு அதிகாரம் மட்டும் கொடுங்கள்.

குளிர்சாதனம், மின்பணி, தையல், வாகனப் பழுது ஆகிய பிரிவுகளில் நான்கு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதோடு பொருந்துகிறது என்று நாங்கள் சில பயிற்றுநர்கள் எழுதத் தொடங்கியிருக்கிறோம். முடிந்ததும் இரண்டு அலுவலகங்களுக்கும் ஒவ்வொரு படி அனுப்புகிறோம். திருத்தம் சொன்னால் திருத்தித் தருகிறோம், நேரில் வரச் சொன்னால் வருகிறோம். அடுத்த ஆண்டு பாலிடெக்னிக் விண்ணப்பம் தொடங்குவதற்கு முன் அரசாணை வந்துவிட வேண்டும் என்று இருவரையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இப்போது எங்களிடம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அந்த மாதத்தில்தான் விண்ணப்பத்தோடு போய் நிற்பார்கள்.

இப்படிக்கு,
சமுதாயக் கல்லூரிப் பயிற்றுநர் ஒருவர்,
குளிர்சாதனப் பிரிவு