வேலைவாய்ப்பு விளம்பரத்தில் சம்பளத் தொகையையும் அச்சிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் வரும் வேலைவாய்ப்பு விளம்பரங்களை, ஓய்வுபெற்ற பிறகும் விடாமல் வாசித்து வருகிறேன். கணக்காளர் தேவை, சி.என்.சி. ஆபரேட்டர் தேவை, தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர் தேவை என்று வரிசையாக வரும் அந்தக் கட்டங்களில் வயது வரம்பு இருக்கிறது. இருசக்கர வாகனமும் ஓட்டுநர் உரிமமும் வேண்டும் என்பதுகூட இருக்கிறது. சம்பளம் என்ற இடத்தில் மட்டும் ‘தகுதிக்கேற்ப’, ‘அனுபவத்திற்கேற்ப’, ‘நேரில் பேசிக்கொள்ளலாம்’ என்ற சொற்கள்தான் இருக்கின்றன. கோயம்புத்தூரில் இயந்திர உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து, இதே சொற்களை நானே எழுதி விளம்பரத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அவற்றுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லி, உங்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்கவே இக்கடிதம்.

சம்பளம் நேரில் பேசித் தீர்மானிக்கப்படுகிறது என்று வேலை தேடி வருபவர் நம்புகிறார். ஓரளவு ஒழுங்காக நடக்கும் எந்த நிறுவனத்திலும், விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே ஆள் தேவைக்கான படிவம் ஒன்று பூர்த்தி செய்யப்பட்டு, இந்த இடத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று தொகை எழுதப்பட்டு, அதில் நிர்வாகத்தின் கையெழுத்தும் வாங்கப்பட்டிருக்கும். அந்தப் படிவம் என் மேசை இழுப்பறையில் இருக்க, எதிரே அமர்ந்திருப்பவரிடம் “நீங்கள் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?” என்று நான் கேட்பேன். அவர் தயங்கித் தயங்கி ஒரு தொகையைச் சொல்வார். சந்தையில் கத்தரிக்காய்க்குக்கூடக் கடைக்காரர்தான் முதலில் விலை சொல்கிறார். வேலைச் சந்தையில் மட்டும் வாங்குபவர் தம் விலையை மறைத்துக்கொண்டு, விற்க வந்தவரை முதலில் வாய் திறக்க வைக்கிறார்.

அவர் சொல்லும் தொகையோடும் நாங்கள் நின்றுவிடுவதில்லை. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டு வரச் சொல்வோம். இருவருக்கும் இடையில் இருந்திருக்கக்கூடிய கொஞ்சநஞ்சப் பேரமும் அத்தோடு முடிந்துவிடும். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். கொள்முதல் பிரிவுக்கு ஆள் எடுத்தபோது, எனக்கு அனுமதிக்கப்பட்டிருந்த தொகை மாதம் 24,000 முதல் 28,000 ரூபாய் வரை. தேர்வான பெண் பொள்ளாச்சிப் பக்கத்தைச் சேர்ந்தவர். பேறுகாலத்துக்காக இரண்டாண்டு வீட்டில் இருந்துவிட்டு, கிடைத்த வேலையில் சேர்ந்து 18,000 வாங்கிக்கொண்டிருந்தார். அவருடைய சம்பளச் சீட்டைப் பார்த்தபின், “இருபது சதவீதம் கூட்டித் தருகிறோம்” என்று 21,600 ரூபாய்க்குப் பணி நியமன ஆணை கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். குறைந்தபட்சத்துக்கும் கீழே முடித்ததற்காக நிர்வாகம் என்னைப் பாராட்டியது. ஒன்றரை ஆண்டு கழித்து, அதே பிரிவில் அவருக்குப் பின் சேர்ந்த இளைஞருக்கு 27,000 என்பது கேன்டீன் பேச்சில் அவருக்குத் தெரிந்துபோனது. அவர் சண்டை போடவில்லை. ஒரு மாதம் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விலகினார். அவரிடம் அன்று விளக்கம் எதுவும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தக் கணக்கு ஒரு வேலையோடு முடிவதில்லை என்பதுதான் இதில் கொடுமையானது. 18,000 வாங்கும் ஒருவரும் 24,000 வாங்கும் ஒருவரும் ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் பழைய சம்பளத்தின்மேல் 25 சதவீதம் கூடுதலாகப் பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே சதவீதம் என்பதால் நியாயம்போலத் தோன்றும். ஆனால் 6,000 ரூபாயாக இருந்த இடைவெளி முதல் மாற்றத்தில் 7,500 ஆகவும், அடுத்ததில் 9,375 ஆகவும் விரிகிறது. சிறு ஊரில் முதல் வேலை பார்த்தவர், குடும்பச் சூழலால் கிடைத்ததை ஏற்றவர், குழந்தைக்காக இடையில் நின்றவர் ஆகியோரின் பழைய இழப்பைப் புதிய முதலாளியும் அப்படியே சுமத்துகிறார். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஊதியத்தில் வேறுபாடு கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமும், அதன் இடத்தில் இப்போது வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பும் சொல்கின்றன. பெண் என்பதால் குறைத்தோம் என்று யாரும் கோப்பில் எழுதுவதில்லை. சம்பளச் சீட்டைப் பார்த்துக் கொடுத்தோம் என்றே எழுதுகிறோம்.

பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்பது நடக்காத காரியம் அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2018 ஜனவரி முதல் அதைத் தடை செய்துள்ளது. கொலராடோவில் 2021 முதல் வேலை அறிவிப்பிலேயே சம்பள வரம்பைச் சொல்ல வேண்டும். நமக்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் வெளியிடும் எந்த அறிவிக்கையிலும் பதவியின் பெயருக்கு நேரே ஊதிய நிலையும் தொடக்கத் தொகையும் உச்சத் தொகையும் இருக்கின்றன. எங்கள் ஊர்ப் பஞ்சாலைகளிலும் முன்பு அப்படித்தான் இருந்தது. தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவின்கீழ் தொழிற்சங்கங்களோடு ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானால், எந்தத் தொழிலாளிக்கு எவ்வளவு என்பது மில் வாசலில் டீக்கடை வைத்திருப்பவருக்கும் தெரியும். ஒளித்து வைக்கும் பழக்கம் எழுத்து வேலைக்கும் மேற்பார்வை வேலைக்கும்தான் வந்தது. சங்கம் இல்லாத அந்த ஊழியர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து எங்கள் முன் அமர்ந்தார்கள்.

தொகையைச் சொல்லும் நிறுவனங்களும் எந்தத் தொகையைச் சொல்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ‘ஆண்டுக்கு ஆறு லட்சம் சி.டி.சி.’ என்று கேட்டவுடன் நம் பிள்ளைகள் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 50,000 ரூபாய் என்று எண்ணி, வீட்டு வாடகைக்கும் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். சி.டி.சி. என்பது நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. ஊழியர் கைக்கு வரும் சம்பளம் அதைவிடக் குறைவு. அடிப்படைச் சம்பளம் 25,000 என்று வைத்து, அது முழுவதற்கும் வருங்கால வைப்பு நிதி பிடிக்கும் நிறுவனமாக இருந்தால், முதலாளியின் பங்கான 12 சதவீதம், அதாவது 3,000 ரூபாய், அந்த ஐம்பதாயிரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். பணிக்கொடைக்காக ஏறத்தாழ 1,200 ரூபாய் அதில் சேர்க்கப்பட்டிருக்கும். பொதுவாக ஐந்தாண்டு முடிக்காமல் விலகும் நிரந்தர ஊழியருக்கு அது கிடைக்காது. ஊழியரின் பங்காக இன்னொரு 3,000 பிடிக்கப்படும். மொத்தத்தில் பத்து சதவீதம் ‘செயல்திறனுக்கேற்ப’ என்று ஒதுக்கப்பட்டிருந்தால், மாதத்துக்கு 5,000 என்ற அந்தப் பகுதி ஆண்டு முடிவில் மொத்தமாக வந்தாலும் வரும், வராமலும் போகும். தொழில் வரியைச் சேர்க்காமலே, மாதந்தோறும் வங்கிக் கணக்கில் விழுவது 37,800 ரூபாய்தான். வைப்பு நிதி அவருடைய சேமிப்பே என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைக் கொண்டு இந்த மாத வாடகையைக் கொடுக்க முடியாது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ஊதியக் கணக்கில் சேராத வீட்டு வாடகைப்படி போன்ற படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும். அடிப்படைச் சம்பளத்தை அடிமட்டத்தில் வைத்துப் படிகளால் நிரப்பும் பழைய வித்தைக்கு இது ஒரு கடிவாளம். ஆகவே ஆணையைக் கையில் வாங்குபவர் மொத்தத் தொகையைப் பற்றி மட்டும் பேசாமல், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, மாதம் கைக்கு எவ்வளவு வரும், நிச்சயமில்லாத பகுதி எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அப்படிக் கேட்டால் வேலையே போய்விடுமோ என்று பல இளைஞர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் 26 ஆண்டுகள் இருந்த நான், தேர்வு செய்த ஒருவர் மரியாதையாகக் கூடுதல் கேட்டார் என்பதற்காக ஒருமுறைகூட ஆணையைத் திரும்பப் பெற்றதில்லை. தரமுடியாது என்றால் தரமுடியாது என்று சொல்வோம், அவ்வளவுதான். நாற்பது பேரை நேர்காணல் செய்து ஒருவரைத் தேர்ந்தெடுத்த களைப்பு எங்களுக்கும் உண்டு.

சம்பளத்தை அச்சிட்டால் என்ன ஆகும் என்று முதலாளிகள் அஞ்சுவதும் எனக்குத் தெரியும். ஏற்கெனவே வேலையில் இருப்பவர், புதிதாக வருபவருக்கு 30,000 என்றால் ஏழாண்டு உழைத்த எனக்கு ஏன் 26,000 என்று கேட்பார். கேட்கட்டும் என்பதே என் கருத்து. இன்று அவர் அதைக் கேட்பதற்கு ஒரே வழி, வேறு நிறுவனத்தில் ஆணை வாங்கி வந்து, விலகல் கடிதத்தோடு அதை மேலாளர் மேசையில் வைப்பதுதான். அதைப் பார்த்த பிறகு பணம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. நேற்று வரை ‘பட்ஜெட் இல்லை’ என்று சொன்ன வாயே இன்று கூடுதலாகத் தருகிறேன் என்னும்போது, அந்த ஊழியருக்கு நிறுவனத்தின்மேல் என்ன மதிப்பு மிஞ்சும்? போட்டி நிறுவனம் ஆளை இழுத்துக்கொள்ளும் என்பது இன்னொரு அச்சம். எங்கள் ஊரின் குறிச்சிப் பகுதியிலோ கணபதிப் பகுதியிலோ பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்துபவருக்கு இந்த அச்சம் உண்மையானது என்று ஒப்புக்கொள்கிறேன். அவருக்காகத்தான் ஒற்றைத் தொகையைக் கேட்காமல் வரம்பைக் கேட்கிறேன். ஐயாயிரம் முதல் ஐம்பதாயிரம் வரை என்று போட்டு ஏமாற்றுபவர்களும் வருவார்கள். நியூயார்க் நகரில் 2022 நவம்பரில் வேலை விளம்பரத்தில் சம்பள வரம்பைச் சொல்ல வேண்டும் என்ற விதி வந்தபோதும் சில நிறுவனங்கள் அப்படித்தான் செய்தன; வாசகர்கள் அவற்றைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அரசு சட்டம் இயற்றும் வரை காத்திருக்காமல் உங்கள் நாளிதழ் இதைத் தொடங்கி வைக்கலாம். வரிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் சிறு விளம்பரங்களில், மாதம் கைக்கு வரும் குறைந்தபட்சச் சம்பளத்தையும் அதிகபட்சச் சம்பளத்தையும் குறிப்பிடும் ஒரு வரிக்கு மட்டும் கட்டணம் வேண்டாம் என்று அறிவியுங்கள். அந்த வரியைக் கொடுத்தவர்களின் விளம்பரங்களைப் பக்கத்தின் மேற்பகுதியில் வெளியிடுங்கள். கொடுக்க மறுப்பவர்களை நீங்கள் கட்டாயப்படுத்த முடியாது. ‘சம்பளம் தெரிவிக்கப்படவில்லை’ என்று அவர்களுடைய கட்டத்துக்குள் சிறிய எழுத்தில் போடலாம். ‘தகுதிக்கேற்ப’ என்பதைவிட அது ஒரு சொல்தான் கூடுதல்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணியாளர் பிரிவு அலுவலர் ஒருவர்,
கோயம்புத்தூர்.